மலையில் விபத்து என்றால் முதலில் ஓடுவது யார்?

காட்டூர்வாசிகளுக்கு மலை என்றதும் நினைவுக்கு வருவது திருச்சி மலைக்கோட்டைதான். உயரம் 83 மீட்டர். நானூற்றுச் சொச்சம் படிகள். மூச்சு வாங்கினால் உட்கார்ந்து கொள்ளலாம். தடுக்கி விழுந்தால் கை கொடுத்துத் தூக்கப் பத்துப் பேர் வருவார்கள்.

எல்லா மலையும் மலைக்கோட்டை ஆகிவிடுமா?

இரண்டு நாள் விடுமுறை வந்தால் போதும். காட்டூர், திருவெறும்பூர் பக்கத்து வாலிபர்கள் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் கிளம்பிவிடுகிறார்கள். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஆகாய கங்கை அருவிக்குப் போக ஆயிரத்துக்கும் அதிகமான படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம். கால் எலும்பு முறிந்துவிட்டால்? ஆம்புலன்ஸ் வண்டி படியில் இறங்காது! மனிதனை மனிதன்தான் தோளில் சுமந்து மேலே கொண்டு வர வேண்டும்.

அந்தத் தோள் யாருடையது? இதற்கு விடை சொன்ன ஊர் ஒன்று நம் தமிழ்நாட்டில் இருக்கிறது.

குரங்கணி மலையில்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த சிற்றூர் குரங்கணி. 2018-ம் ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து இரண்டு குழுவினர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒரு குழு சென்னையிலிருந்து வந்தது. அதில் பெரும்பாலோர் பெண்கள். மற்றொரு குழு ஈரோடு, திருப்பூர் பக்கத்தைச் சேர்ந்தது. பிற்பகலில் காய்ந்த புல்வெளியில் தீ பிடித்தது. காற்று சேர்ந்துகொண்டது. நடுவில் சிக்கியவர்கள் திசைக்கு ஒருவராக ஓடினார்கள். சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள்.

செய்தி கீழே வந்தது. அப்போது குரங்கணி மக்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. வனத்துறை ஊழியர்களோடு அவர்களும் மலை ஏறினார்கள். அவர்களிடம் தீயணைப்பு உடை இல்லை. மலை ஏறும் கயிறு இல்லை. ஆனால் எந்தப் பாறைக்குப் பின்னால் எந்த ஓடை இருக்கிறது என்று தெரியும். இருட்டிலும் கால் தடம் தெரியும். போர்வையைக் கம்பில் கட்டினால் அதுவே டோலி. அதில் வைத்துக் காயம்பட்டவர்களைச் சுமந்து வந்தார்கள்.

விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் கருட் கமாண்டோ வீரர்களும் வந்தார்கள், அரும்பணி செய்தார்கள். ஆனாலும் இருட்டில், செங்குத்தான சரிவில் ஹெலிகாப்டர் என்ன செய்ய முடியும்? அந்த இரவில் காயம்பட்டவர்களுக்குக் கைகொடுத்தவை மனிதக் கால்களே.

மலையிலேயே இறந்தவர்கள் 9 பேர். ஆஸ்பத்திரிகளில் உயிர் பிரிந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 23 பேர். தீக்காயத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்குச் சமம். அன்று சில மணி நேரம் மிச்சமாகியிருந்தால் இந்தத் தொகை குறைந்திருக்குமோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கால் ஒடிந்தது, படை பிறந்தது

இப்படிப்பட்ட ஊர் மக்களின் உதவியை இங்கிலாந்தில் ஒழுங்கான தொண்டாகவே மாற்றியிருக்கிறார்கள். 1946-ல் வில்ஃபிரிட் நாய்ஸ் என்ற மலையேறும் வீரர் அந்நாட்டின் கிரேட் கேபிள் மலையில் விழுந்து கால் ஒடிந்தார். அவரைக் கீழே கொண்டு சேர்ப்பதற்குள் பெரும்பாடு ஆகிவிட்டது. அந்த அனுபவத்திற்குப் பிறகு அடுத்த ஆண்டே கெஸ்விக் என்ற ஊரில் தொண்டர்களைக் கொண்ட மலை மீட்புப் படை உருவாயிற்று. காப்பாற்றப்பட்ட நாய்ஸ் என்ன ஆனார் தெரியுமா? டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட்டை வென்ற 1953-ம் ஆண்டுக் குழுவில் அவரும் ஒருவர்!

இன்று இங்கிலாந்தின் மலைப் பகுதிகளில் இத்தகைய படைகள் பல. இதில் சேர்ந்திருப்பவர்கள் உபாத்தியாயர்கள், விவசாயிகள், தச்சர்கள், டாக்டர்கள். சம்பளம் கிடையாது. காப்பாற்றியதற்குக் கூலியும் வாங்குவதில்லை. பொதுமக்கள் தரும் நன்கொடையில் கயிறும் தூக்குக் கட்டிலும் வாங்குகிறார்கள். போலீஸார் அழைத்தால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

ஒருவரைச் சுமக்க ஒருவர் போதாது. கரடுமுரடான சரிவில் தூக்குக் கட்டிலைப் பிடிக்க ஒரே சமயத்தில் ஆறு முதல் எட்டுப் பேர் வேண்டும். அவர்கள் களைத்தால் தோள் மாற்ற இன்னும் அத்தனை பேர் வேண்டும். தனி மனிதனின் வீரத்தால் ஆகும் காரியம் அல்ல இது. கூடிப் பழகிய கூட்டத்தால்தான் ஆகும்.

நம்மிடம் இல்லாதது என்ன?

ஆள் இல்லையா? இருக்கிறார்கள். மனம் இல்லையா? குரங்கணி மக்களைக் கேளுங்கள்! இல்லாதது பயிற்சியும் சாதனமும்தான்.

இதற்கும் வழி பிறந்திருக்கிறது. பேரிடர் காலத்தில் உதவ உள்ளூர் மக்களையே தயாரிக்கும் 'ஆப்த மித்ரா' திட்டம் மத்திய அரசால் 2016-ல் தொடங்கப்பட்டது. பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தொண்டர்களுக்குப் பயிற்சி அளிப்பது என்று அது விரிவாக்கப்பட்டது. தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 மலைப் பாதைகளில் நடைப்பயணத் திட்டத்தைத் தொடங்கியபோது, மலைவாழ் இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பழக்கியது. குரங்கணி கற்பித்த பாடம் வீண் போகவில்லை.

ஆனால் அரசின் பாதை நாற்பதுதான். மக்கள் ஏறுகிற மலைகளோ ஏராளம். ஒவ்வொரு மலையடிவாரத்திலும் இருபது வாலிபர்கள், ஒரு தூக்குக் கட்டில், நல்ல கயிறு, முதலுதவிப் பெட்டி, மாதம் ஒரு நாள் ஒத்திகை. இதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? ஒரு திருவிழா வாண வேடிக்கைக்கு ஆகும் பணம் போதாதா?

ஏறுகிறவர் கவனத்திற்கு

காப்பாற்ற வருகிறவருக்கும் உயிர் ஒன்றுதான். ஆகையால் ஏறுகிறவர்களுக்கும் கடமை உண்டு.

எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அனுமதி இல்லாத காட்டில் நுழையக் கூடாது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஏறக் கூடாது. பையில் ஒரு விசில் இருக்கட்டும். ஒரு நிமிஷத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடியும் ஊதுவது உலகெங்கும் மலையேறுவோர் அறிந்த அபாய அறிவிப்பு. நிமிஷத்துக்கு மூன்று முறை பதில் விசில் கேட்டால், உதவி வருகிறது என்று பொருள்.

கோடையில் புல் காய்ந்திருந்தால் பயணத்தையே தள்ளிப் போடுவது நல்லது. தீ சரிவில் மேல்நோக்கி வேகமாகப் பாயும். அனல் முன்னே சென்று மேலே உள்ள புல்லை உலர்த்திவிடும். எனவே தீ கீழேயிருந்து வந்தால் உச்சியை நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலகி, வெறும் பாறையையோ ஏற்கெனவே எரிந்து அணைந்த இடத்தையோ தேட வேண்டும்.

மலை அழகானது, ஆனால் அதற்கு இரக்கம் கிடையாது. இரக்கம் இருப்பது அடிவாரத்தில் வாழும் மனிதனிடம். அவன் கையில் ஒரு கயிற்றையும், தோளில் ஒரு தூக்குக் கட்டிலையும் விபத்துக்கு முன்பே கொடுத்து வைப்பதுதான் அந்த 23 பேருக்கு நாம் செய்யும் அஞ்சலி.