இறுகிய தமனியும் இளைக்கும் இதயமும்

காலைத் திருப்பலிக்கு வரும் முதியவர் ஆலயப் படியில் நின்று மூச்சு வாங்குவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். "வயதாகிவிட்டது" என்று ஆறுதல் கூறிக் கடந்துவிடுகிறோம். அது இதயத் தளர்ச்சியின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதை நாம் எண்ணுவதில்லை.

இதயத் தளர்ச்சி என்பது இதயம் நின்றுவிடுவதன்று. உடலுக்கு வேண்டிய இரத்தத்தை எளிதாகச் செலுத்த இயலாமல் அது திணறுவதாகும். குறை முழுவதும் இதயத்தினுடையதே என்று கருதுகிறோம். இரத்தக் குழாய்களுக்கும் அதில் பங்குண்டு.

நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கும் இதயம், ஒவ்வொரு துடிப்பிலும் பெருந்தமனிக்குள் இரத்தத்தைப் பாய்ச்சுகிறது. நெகிழும் தன்மையுள்ள அக்குழாய் விரிந்து, அதில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. இதயம் ஓய்கையில் சுருங்கி, அதனை முன்னே செலுத்துகிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலிக்கன் குரு 1733-ஆம் ஆண்டிலேயே இதனைத் தீயணைப்பு எந்திரத்தின் காற்றறைக்கு ஒப்பிட்டார்.

முதுமையாலும், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றாலும் தமனி இறுகிவிடுகிறது. அப்பொழுது இரத்த அழுத்தத்தின் மேல் அளவு ஏறுகிறது. கீழ் அளவு பெரும்பாலும் இறங்குகிறது. இதயம் முன்னிலும் கடுமையாக உழைக்கவேண்டும். ஓயும் வேளையில் தனக்கென அது பெறும் இரத்தமோ குறைகிறது. உழைப்பு மிகுதி, ஊதியம் குறைவு! நாளடைவில் இதயச் சுவர் தடித்து விறைக்கிறது. நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்குகிறது.

இங்கேதான் நமது கடமை தொடங்குகிறது. நற்கருணை நோன்பு முறியுமென்று அஞ்சி, ஞாயிறு காலையில் மாத்திரையை ஒதுக்கிவைக்கும் தாய்மார் உண்டு. நீரும் மருந்தும் அந்நோன்பை முறிப்பதில்லை. முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பேணுவோரும் ஒரு மணி நேரத்திற்குள் உணவு அருந்தியிருந்தாலும் நற்கருணை பெறலாம் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரையால் திருப்பலியின் நடுவே எழவேண்டுமே என்ற கூச்சமிருந்தால், நேரத்தை மாற்றலாமா என மருத்துவரைக் கேட்கலாம். தாமாக நிறுத்துதல் ஆகாது.

உணவிலும் கவனம் தேவை. வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்கிவிட்டுக் கருவாட்டையும் ஊறுகாயையும் பரிமாறுகிறோம். மிகுந்த உப்பு உடலில் நீரைத் தேக்கும். இரத்த அழுத்தத்தையும் கூட்டும். நலமுள்ளவர்க்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், 3 நாட்களில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடுதல் ஆகியவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லவேண்டும்.

அடுத்த ஞாயிறன்று ஆலயப் படியில் இளைத்து நிற்பவரைக் கண்டால், கைப்பிடித்து ஏற்றிவிடுவதோடு நில்லாது, மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். அதுவும் பிறரன்புப் பணியே.