எழுதாத ஒப்பந்தம்

வக்கீல் தொழில் செய்து பழகிய நமக்கு, வேலை ஒப்பந்தம் என்றதும் இன்ன வேலை, இன்ன நேரம், இன்ன சம்பளம் என்பதே நினைவுக்கு வரும். ஆபீசில் நாள்தோறும் வேலை நடக்கும் விதத்தை உற்றுநோக்குவோருக்கோ, முத்திரைக் காகிதத்தில் ஏறாத வேறொரு கொடுக்கல் வாங்கலும் அங்கே நடந்துவருவது விளங்கும்.

அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் கணக்கு இலாகாவில் பத்து இளம்பெண்கள், வாடிக்கைக்காரர் செலுத்திய பணத்தைக் கணக்குச் சீட்டுகளில் பதிந்து வந்தனர். ஹார்வர்டு சர்வகலாசாலையின் ஜார்ஜ் ஹோமன்ஸ் அவர்களைக் கவனித்து, 1954-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மணிக்கு 300 பதிவு என்பது கம்பெனி விதித்த அளவு. அவர்கள் பதிந்ததோ சராசரி 353. அதிகம் பதிந்தவருக்கு ஒரு காசும் கூடுதலில்லை. குறைத்துப் பதிந்தவருக்கும் இலேசான கண்டனமே. அவ்வாறாயின் அந்த 53 எதற்காக?

இக்கேள்வியை 1982-இல் எடுத்து ஆராய்ந்த பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அகெர்லாஃப், இதனை ஒருவகைப் பரிசுப் பரிமாற்றம் என்றார். அப்பெண்கள் தம்முள் சிநேகம் உடையவர்கள். வேகம் குறைந்த தோழியைக் கம்பெனி நெருக்காமல் விடுகிறது. அதற்குப் பிரதியாக ஏனையோர் விதித்ததற்குமேல் உழைக்கின்றனர். கலியாண வீட்டில் மொய் எழுதி வளர்ந்த நம்மவருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? கம்பியூட்டரைக் கொண்டு ஊழியரின் விரலசைவை எண்ணிப் பின்தங்கியவரை மிரட்டும் இக்கால எஜமானர், 300-ஐப் பெற்றுவிடலாம். மிச்சம் 53-க்கு எந்தக் கோர்ட்டிலும் டிக்ரி வாங்க இயலாது.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. சிக்காகோவுக்கு அருகிலிருந்த ஹாதார்ன் தொழிற்சாலையில், 1931-32-இல் 14 ஆடவரை ஒரு தனியறையில் அமர்த்திக் கவனித்தார்கள். கூட்டு உற்பத்தி பெருகினால் கூலியும் பெருகும் ஏற்பாடு அங்கிருந்தது. எனினும் ஒரு நாளைக்கு இவ்வளவே போதுமென அவர்கள் தமக்குள் அளவு வகுத்திருந்தனர். மிஞ்சிச் செய்தவன் புஜத்தில் குத்து விழுந்தது. அதிகம் செய்துகாட்டினால் மேலிடத்தார் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவர் என்பது அவர்கள் கூறிய காரணம். இவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசிவிடுவது சுலபம். நாம் அவ்வாறு சொல்லத் துணியோம். விகிதம் குறையாது என்று, அவர்கள் நம்பத்தக்க ஒருவர் உறுதி கூறியிருந்தால் அந்த அறையில் வேலை எவ்வாறு நடந்திருக்கும் என்பதே நம் கேள்வி.