சாவி யார் கையில்?

பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்டப்போகிறார்கள். அதுவரை சின்ன வாடகை வீடு. தாத்தா காலத்துத் தேக்கு பீரோ, சோபா, நாலு பெட்டிப் புத்தகம் எல்லாம் எங்கே போகும்? சென்னையில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இப்போது செல்ஃப் ஸ்டோரேஜைத் தேடிப் போகிறார்கள். மாத வாடகைக்குத் தனி அறையோ, குடோனில் ஓர் இடமோ கிடைக்கிறது.

வாடகையைப் பேசி முடிக்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: சாவி யாரிடம் இருக்கும்?

நிறுவனமே சாமானை ஏற்றிப்போய்த் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டால், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு துணைக்கு வரும். விவேகமுள்ள ஒருவர் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூரை ஒழுகிப் பீரோ ஊறிப்போனால் பதில் சொல்லியாக வேண்டும். பூட்டும் சாவியும் உங்களுடையது என்றால், “நாங்கள் இடம்தானே கொடுத்தோம்” என்று கைவிரிக்கப் பார்ப்பார்கள். வங்கி லாக்கரை நினைத்து ஏமாற வேண்டாம். தீ, திருட்டு போன்றவற்றில் வங்கியின் கவனக்குறைவால் இழப்பு என்றால், ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரை அது பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கி விதி. இங்கே அப்படிக் கணக்கு எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே பேசும். அதில் இழப்பீட்டு வரம்பு எவ்வளவு, காப்பீடு யார் பெயரில் என்று பாருங்கள். தரைத்தளமா, 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அங்கே தண்ணீர் நின்றதா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

சாமான் ஏற்றும் நாளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏற்ற வந்தவர் அவசர அவசரமாக எழுதுவார்: “மர பீரோ – 1, பழையது, கீறல்.” கீறலே இல்லாத பீரோவுக்கும் இதே வரிதான். கையெழுத்திட்டுவிட்டால் பிறகு உடைந்த கண்ணாடியும் ‘பழைய கீறல்’ ஆகிவிடும். ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்து, அன்றே நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

நமக்கும் கடமை உண்டு. ஆபத்தான பொருளைச் சொல்லாமல் வைத்து, அதனால் சேதம் வந்தால் பொறுப்பு வைத்தவருடையது. கேஸ் சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் பணம் திரும்பக் கிடைக்கும். குடோனுக்கு ஏன் அனுப்ப வேண்டும்? ஃப்ரிட்ஜைத் துடைத்துக் காயவைத்து அனுப்புங்கள். நகையும் வீட்டுப் பத்திரமும் அங்கே போகவே கூடாது.

வாடகை பாக்கி விழுந்தால்? பாக்கிக்காகப் பொருளைப் பிடித்துவைப்பது வேறு, விற்பது வேறு. பெரும்பாலும் விற்கும் அதிகாரத்தை ஒப்பந்தத்தில் நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். எத்தனை மாதப் பாக்கி, எத்தனை நாள் நோட்டீஸ், எந்த முகவரிக்கு என்ற வரிகளைப் படியுங்கள். முகவரியோ செல்போன் எண்ணோ மாறினால் எழுத்தில் தெரிவியுங்கள்.

சிக்கல் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. அளவுக்கு மீறிய டெபாசிட், ஒருதலைப்பட்சமான ரத்து போன்ற நியாயமற்ற நிபந்தனைகளை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாநில ஆணையத்தில் எதிர்க்கலாம். வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு. சேதத்தைப் பார்த்த அன்றே படத்தோடு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.