செங் சென்று திரும்பினால் மலாக்கா பார்த்ததாகுமா?

மாசி மாதம் பிறந்துவிட்டால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் ஆயர் குரோ சாவடியைக் கடந்து பேருந்துகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். ஜொகூர், நெகிரி செம்பிலான், சிலாங்கூர் மாநிலங்களிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் அடியார்கள் நேரே செங் வட்டாரத்திலுள்ள அருள்மிகு சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்குச் சென்று, காவடி பார்த்து, அன்னதானத்தில் அமர்ந்து உண்டு, இரவோடு இரவாக வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். மாசி மகத்துக்கு மலாக்கா சென்று வந்தோம் என்று ஊரில் சொல்லிக் கொள்வதற்கு அது போதுமானதுதான். ஆனால், ஆறு நூற்றாண்டுப் பழமை கொண்ட ஒரு நகரைப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் நின்று பார்த்துவிட்டுப் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆயர் குரோவில் நெடுங்காலமாகக் குடியிருந்து வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் பிறந்து, பின்னர் நகரில் டாக்சி ஓட்டிப் பிழைத்து, இப்போது ஓய்விலிருக்கும் அவர், மாசி மகத்தன்று வெளியூர்க் குடும்பம் எதையாவது கண்டால் விடுவதில்லை. "காலையிலேயே வந்துவிட்டீர்களா? நல்லது, முதலில் டவுனுக்குப் போங்கள்" என்று தொடங்கிவிடுவார். கையில் வரைபடம் கிடையாது. முப்பது ஆண்டு வண்டி ஓட்டிய நினைவுதான் அவருக்கு வரைபடம். இக்கட்டுரையில் கூறப்படும் வழி பெரும்பாலும் அவர் காட்டும் வழியேயாகும்.

அவர் முதலில் சொல்வது நெல்லி மரத்தைப் பற்றி. சுமத்திராவின் பலெம்பாங்கிலிருந்து வந்த பரமேசுவரன் என்னும் இளவரசன் 1400ஆம் ஆண்டையொட்டி இக்கரையில் ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது, அவனது வேட்டை நாயைச் சருகுமான் ஒன்று உதைத்துத் தள்ளியதாம். வலியோரை எளியோர் எதிர்க்கும் மண் இது என்று வியந்து, தான் சாய்ந்திருந்த மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தான் என்பது மலாய் வரலாற்று வழக்கு. அந்த மலாக்கா மரம் வேறெதுவுமன்று, துவாதசிப் பாரணையில் இடம்பெறும் நெல்லி மரமேயாகும். வடமொழியில் அதற்கு ஆமலகம் என்று பெயர். ஊறுகாய்ப் புட்டியில் மட்டும் நெல்லியைக் கண்ட இளந்தலைமுறைக்கு இச்செய்தி வியப்பாகவே இருக்கும்.

நகருக்குள் நுழைந்ததும் செல்ல வேண்டிய இடம் ஜாலான் துக்காங் இமாஸ். பொற்கொல்லர் தெரு என்பது அதன் பொருள். அங்கே, 1781ஆம் ஆண்டில் டச்சுக்காரர் வழங்கிய நிலத்தில், மலாக்கா செட்டிச் சமூகத்தின் தலைவரான தெய்வநாயகம் செட்டி அமைத்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. மலேசியாவில் இன்று நிலைத்திருக்கும் இந்து ஆலயங்களுள் மிகப் பழமையானதாகப் போற்றப்படுவது இதுவே. 1962ஆம் ஆண்டு முதல் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் நிருவாகத்தில் பூசைகள் நடந்து வருகின்றன. வானளாவும் இராசகோபுரத்தை எதிர்பார்த்து வருபவர் ஏமாந்து போவார். தெருவோரத்துப் பழைய வீடுகளின் வரிசையில் அடக்கமாக அமைந்த ஆலயம் அது. உள்ளே கருங்கல் திருமேனியராக விநாயகப் பெருமான் எழுந்தருளியிருக்கிறார். முருகப் பெருமானுக்கும் சன்னிதி உண்டு. மாசி மகத்தையொட்டி முருகன் வெள்ளி ரதத்தில் செங் நோக்கிப் புறப்படுவது இத்தலத்திலிருந்துதான் என்பதை, செங்கில் ரதத்தைக் கண்டு கைகூப்புவோரில் பலர் அறிந்திருப்பதில்லை. புறப்பட்ட இடத்தை வணங்காமல் சேர்ந்த இடத்தை மட்டும் வணங்கித் திரும்புவதைப் பெரியவர் மென்மையாகக் கடிந்து கொள்வார்.

அதே தெருவில் சில அடிகள் நடந்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசல். 1748இல் மரத்தால் எழுப்பப்பட்டு 1872இல் செங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. குவிமாடம் கிடையாது. அடுக்கடுக்கான கூரையும், சீனப் பகோடாவை நினைவூட்டும் தூபியுமாக நிற்கும் அதனைக் கட்டியவர்கள் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள். 'கிளிங்' என்னும் சொல் இன்று காதுக்கு இனிமையாக ஒலிப்பதில்லை என்பது உண்மையே. எனினும், கலிங்க நாட்டின் பெயரிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் அச்சொல், சுல்தான்கள் காலத்தில் மதிப்புமிக்க வணிகக் குழுவினரைக் குறித்தது. இன்னும் சற்று நடந்தால் பதினேழாம் நூற்றாண்டுச் சீன ஆலயமான செங் ஹூன் தெங். கோவில் மணியும் பாங்கோசையும் ஊதுவத்திப் புகையும் கலக்கும் அத்தெருவை நல்லிணக்கத் தெரு என்று சுற்றுலாத் துறையினர் அழைக்கிறார்கள். பெயர் அண்மையில் வந்தது; பழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

விரதமிருப்போர்க்கு உணவு பற்றிய ஓர் எச்சரிக்கை இங்கே தேவைப்படுகிறது. மலாக்காவில் கீரை என்று கேட்டு வாங்கினாலும் அதில் உலர்ந்த இறால் இருக்கலாம். சம்பலில் பெலாச்சான், அதாவது இறால் பசை, இருக்கும். நாசி லெமாவின் சம்பலில் நெத்திலி இருக்கும். நியோன்யா லக்சாவின் குழம்பே இறாலின் சுவையில் நிற்பது. கடைக்காரர் வஞ்சனையாகச் செய்வதில்லை; அவருடைய கணக்கில் அவை மசாலைப் பொருள்கள், அவ்வளவே. ஆகவே ஒருமுறைக்கு இருமுறை கேட்டு வாங்குவது நல்லது. சீன மரக்கறி உணவகங்களில் அந்த அச்சமில்லை; பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்க்காத கடைகள் உண்டு. நம்மவர் சமையலை நாடுவோர் ஜாலான் பெண்டஹாரா, ஜாலான் தெமெங்கோங் பக்கம் செல்லலாம். பூமாலைக் கடைகளும் சேலைக் கடைகளும் நிறைந்த அப்பகுதியைக் குட்டி இந்தியா என்பர். காலையில் தோசை, நண்பகலில் வாழையிலைச் சாப்பாடு. பன்னிரண்டரை மணிக்கு முன்பே அமர்ந்துவிட வேண்டும் என்பது பெரியவரின் கட்டளை. பிந்திப் போனால் ரசம் தீர்ந்திருக்கும். ரசமில்லாத இலைச் சாப்பாட்டுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பார்.

வெயிலுக்குச் செண்டோல் நல்லது. பண்டான் இலையின் பசுமையேறிய மாவு இழைகள், தேங்காய்ப்பால், துருவிய பனிக்கட்டி, மேலே கருஞ்சிவப்பாக ஊற்றப்படும் குலா மலாக்கா. விரதக்காரருக்கும் தடையில்லை. அந்தக் குலா மலாக்கா வேறு எதுவுமன்று. தென்னம்பாளையைச் சீவி வடித்த பதநீரைக் காய்ச்சி, மூங்கில் குழாயில் வார்த்து உறைய வைத்த தென்னங்கருப்பட்டியே. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த முன்னோர்கள் அதைக் கண்டதும் ஊர்ப் பனங்கருப்பட்டியை நினைத்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. மாலையில் தெங்கேராவில் விற்கப்படும் பூத்து பிரிங்கும் அத்தகையதே. அரிசி மாவின் நடுவே இக்கருப்பட்டியை வைத்துத் தட்டு வடிவில் ஆவியில் அவித்து, தேங்காய்த் துருவலோடு தருவார்கள். பெயரைச் சற்றுக் காது கொடுத்துக் கேட்டால் உள்ளே இருப்பது பிட்டு என்பது விளங்கிவிடும். வைகைக் கரையில் பிட்டுக்கு மண் சுமந்த பெருமானின் அடியார்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

டச்சுக்காரர் 1650ஆம் ஆண்டளவில் கட்டிய செந்நிற ஸ்டாட்ஹவுஸ் மாளிகை, 1753இல் நிறைவுற்ற கிறிஸ்து தேவாலயம், போர்த்துகீசியர் கோட்டையில் எஞ்சியுள்ள ஒற்றை வாயில் ஆகியவற்றைப் பற்றி எல்லா வழிகாட்டி நூல்களும் கூறுகின்றன. செயின்ட் பால் குன்றின் மேலுள்ள கூரையற்ற தேவாலயத்தில், முத்துக்குளித்துறைத் தமிழர் நன்கறிந்த புனித சவேரியாரின் உடல் 1553இல் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தது என்பதையும், பின்னரே அது கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது என்பதையும் மட்டும் இங்கே சொல்லி வைக்கலாம். 2008ஆம் ஆண்டு ஜூலையில் ஜார்ஜ்டவுனோடு சேர்த்து மலாக்கா நகரை யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவித்த பின்னர் கூட்டம் பெருகிவிட்டது. வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் ஜோங்கர் தெரு இரவுச் சந்தையாகிவிடுவதால் அந்த நேரத்தில் அப்பக்கம் வாகனத்தைக் கொண்டு செல்வது வீண் வேலை. உஜோங் பாசிரிலுள்ள போர்த்துகீசியர் குடியிருப்பில் சுட்ட மீன் பெயர் பெற்றது. ஆனால் அது விரதம் முடிந்த பிறகு, இன்னொரு பயணத்துக்கு.

இத்தனை இடங்களையும் காட்டிவிட்டுப் பெரியவர் குரலைத் தாழ்த்திப் பேசும் இடம் ஒன்று உண்டு. அது காஜா பெராங்கிலுள்ள கம்போங் செட்டி.

மலாக்கா செட்டிகள் என்போர், சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகம் செய்ய வந்து, இங்குள்ள பெண்களை மணந்து, இங்கேயே நிலைத்துவிட்ட தமிழரின் வழித்தோன்றல்கள். போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றியபோது, கிளிங் வணிகர்களின் தலைவராக விளங்கிய நைனா செட்டு என்பவரையே பெண்டஹாராவாக நியமித்தனர். 1514இல் அப்பதவி தம்மிடமிருந்து பறிக்கப்படப் போவதையறிந்த அவர், நறுமண மரங்களை அடுக்கித் தீ மூட்டச் செய்து, அதில் இறங்கி உயிர் நீத்தார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கின்றனர். அத்தகைய செல்வாக்குடன் வாழ்ந்த சமூகம் காலப்போக்கில் சுருங்கி, இன்று ஒரு சிறு கிராமத்தில் வாழ்கிறது. வீட்டில் பேசுவது மலாய். பெண்டிர் உடுத்துவது சாரோங் கெபாயா. ஆனால் வாசல் நிலையில் மாவிலைத் தோரணம், நெற்றியில் திருநீறு, பெயருக்குப் பின்னால் பிள்ளை, நாயக்கர், படையாச்சி. 1822இல் எழுந்த ஸ்ரீ முத்து மாரியம்மன் ஆலயமும், கைலாசநாதர் ஆலயமும் அவர்களுடையவை. அம்மை நோய் தீர்க்கும் அன்னைக்கு ஏப்ரல், மே மாதங்களையொட்டி எடுக்கும் திருவிழாவை அவர்கள் 'டத்தோ சச்சார்' என்பர். சச்சார் என்றால் மலாயில் அம்மை.

பெரியவர் டாக்சி ஓட்டத் தொடங்கிய புதிதில், ஒரு போகிப் பண்டிகையன்று, பயணி ஒருவரை அக்கிராமத்தில் இறக்கிவிட்டாராம். வாசலில் நின்ற மூதாட்டியிடம் தமிழில் வழி கேட்டார். அம்மையார் மலாயில் பதில் சொன்னார். திருநீறு பூசியிருக்கிறீர்கள், தமிழ் தெரியாதா என்று இளமைத் துடுக்கில் கேட்டுவிட்டார். அம்மையார் சினம் கொள்ளவில்லை. உள்ளே வா என்று அழைத்தார். பொங்கலுக்கு முந்தைய நாள் முன்னோர்க்குப் படைக்கும் பார்ச்சு அன்று. வாழையிலைகளில் ஆவியில் வெந்த நாசி லெமாவும், மீன் பிண்டாங்கும், இனிப்புப் பலகாரங்களும் பரப்பியிருக்க, குத்துவிளக்கும் சாம்பிராணியும் வீட்டை நிறைத்திருந்தன. சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, தந்தை, பாட்டனார், அவருக்குத் தந்தை, அவருக்கும் முந்தையவர் என்று பெயர் சொல்லிக் கொண்டே வந்த அம்மையார், இறுதியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: உன் பாட்டனாருக்குத் தந்தை பெயர் என்ன, தம்பி?

அவருக்குத் தெரியவில்லை. மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் எழுந்ததையடுத்து இம்மாநிலத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த ஆயிரமாயிரம் பேருள் ஒருவர் அவருடைய பாட்டனார். அதற்கு முந்தைய பெயர்கள் கடலைத் தாண்டவில்லை.

அன்று அம்மையார் இலையில் கட்டிக் கொடுத்த உணவைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்று பெரியவர் சொல்வது பொருள் நயத்துக்காக மட்டுமன்று. அவ்வுணவு பெரும்பாலும் வீட்டுப் படையலுக்காகச் சமைக்கப்படுவது. கனிகள் பழுக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் மாம்பழம், பலா, ரம்புத்தான் ஆகியவற்றை வைத்தும் ஒரு பார்ச்சு நடக்கும். கிராமத்தில் சிறியதோர் அரும்பொருளகமும் உண்டு. வேடிக்கை பார்ப்பதற்காக வீடுகளுக்குள் எட்டிப் பார்ப்பதும், கேட்காமல் படமெடுப்பதும், தமிழ் தெரியாதா என்று கேட்பதும் கூடாது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் கிராமத்தையொட்டி உயரமான கட்டடங்கள் எழுப்பும் திட்டத்தை எதிர்த்து அம்மக்கள் குரல் கொடுத்தது நாளேடுகளில் வெளிவந்தது. அப்போது அவர்கள் முன்வைத்தது மொழியையன்று, ஆலயங்களையும் குடியிருப்பையும்தான்.

கிராமத்திலிருந்து செங்குக்கு வண்டியில் சென்றுவிடலாம். சன்னாசி ஒருவர் தங்கித் தவமியற்றிய இடம் என்று செவிவழியாகச் சொல்லப்படும் அத்தலத்தில் காவடிகள் வந்துகொண்டிருக்கும். காலணிகளைப் பைக்குள் வைத்துக் கொள்வதும், குடிநீர்ப் புட்டிகளைக் குப்பைத் தொட்டியில் போடுவதும் தொண்டர்களுக்குச் செய்யும் பேருதவி. அந்தக் காலத்தில் தோட்டத்து லாரியில் புளிச்சோற்று மூட்டையோடு இங்கு வந்திறங்கிய பெரியவர், இப்போதும் அன்னதானப் பந்தலில் முதல் பந்தியில் அமர்வதில்லை. வெளியூர்க்காரர்கள் உண்டு முடிக்கட்டும் என்பார். ஆயர் குரோ சாவடி வழியே திரும்பும் பேருந்துகள் நிரம்பும் வரை அவர் பந்தலின் ஓரத்தில் நின்று, கைக்குழந்தையோடு வந்தவர்களுக்கு மோர் கிடைத்ததா என்று கேட்டுக் கொண்டிருப்பார்.