பல்லும் பாலிசியும்



பம்பாயில், மாதுங்காவில், என் வீட்டுக்கு எதிரே குடியிருக்கும் நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாக மருத்துவக் காப்பீட்டுக்குத் தவறாமல் பிரீமியம் செலுத்தி வருபவர். தஞ்சை மாவட்டத்துக்காரர். கடன் என்றால் அஞ்சுபவர். அவருக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்து வேர்வரை சீழ் பிடித்துவிட்டது. பல் வைத்தியர் மூன்று முறை வரச் சொல்லி, ரூட் கனால் சிகிச்சை செய்து, பல்லின் மேல் உறையும் பொருத்தினார். செலவு பதினெட்டாயிரம் ரூபாய். ஐந்து லட்ச ரூபாய்க்குக் காப்பீடு இருக்கையில் இது எம்மாத்திரம் என்றெண்ணி, ரசீதுகளை வரிசையாக அடுக்கி அனுப்பினார். ஒரு காசும் கிடைக்கவில்லை. ‘வெளிநோயாளர் சிகிச்சை’ என்ற ஒரே காரணம் எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். அக்கடிதத்துடன் அவர் என்னிடம் வந்தபோது, பல்வலியைக் காட்டிலும் ஏமாந்துபோனோமே என்ற வலியே அவர் முகத்தில் மிகுந்திருந்தது.

உண்மையில் அவரை எவரும் ஏமாற்றவில்லை. அவர் தம் பாலிசியைப் படித்ததில்லை; அவ்வளவே. நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

நம் நாட்டு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றியே அமைந்தது. நோயாளி இருபத்துநான்கு மணி நேரமேனும் உள்நோயாளியாகப் படுத்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பல் வைத்தியமோ, நாற்காலியில் அமர்ந்து வாயைத் திறந்து, ஒரு மணி நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போகும் வைத்தியம். சொத்தையை அடைத்தல், பல்லைப் பிடுங்குதல், அழுக்கு நீக்குதல், ரூட் கனால், உறை, பல்செட்டு ஆகிய யாவும் இவ்வாறே நடப்பதால் சாதாரண பாலிசிக்கு வெளியே நின்றுவிடுகின்றன. வரிசை தவறிய பற்களுக்குக் கம்பி கட்டுவதும், பற்களை வெண்மையாக்குவதும் அழகுக்காகச் செய்பவை என்று விலக்கப்படுவது வழக்கம்.

“ஒரே நாளில் முடியும் சிகிச்சைகளுக்கும் பணம் உண்டு என்று போட்டிருக்கிறதே! எனக்கும் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துதானே வைத்தியம் பார்த்தார்கள்?” என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ‘டே கேர்’ எனப்படும் அச்சலுகை, முன்பு ஒரு நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் தங்கவேண்டியிருந்து, தொழில்நுட்ப முன்னேற்றத்தால் இப்போது சில மணி நேரத்தில் முடியும் சிகிச்சைகளுக்கே உரியது. வழக்கமாக வெளிநோயாளராகவே செய்துகொள்ளும் சிகிச்சை அதில் சேராது என்று அந்த வரையறையிலேயே எழுதியிருக்கிறது. சாதாரணமாகப் பல் பிடுங்க யாரும் ஆஸ்பத்திரியில் படுப்பதில்லை அல்லவா?

அப்படியானால் பல்லுக்குக் காப்பீடே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தாடை எலும்பு முறிந்து, இரு பற்களும் உடைந்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய அறுவைச் சிகிச்சைக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் கொடுக்கும். தாடையில் தோன்றும் கட்டி, புற்றுநோய் ஆகியவையும் காத்திருப்புக் காலம் கழிந்தபின் இவ்வாறே. 2020ஆம் ஆண்டு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வந்த ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ பாலிசியில், நோயாலோ காயத்தாலோ அவசியமாகும் பல் சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவின் பகுதியாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. ஆயினும் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கை நாமே ஏற்க வேண்டும். உடைந்த பற்களுக்குப் பதிலாகப் பின்னர் செயற்கைப் பல் பொருத்தும் செலவு கிடைக்குமா என்பது ஒவ்வொரு பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது. தகராறு எழுவது பெரும்பாலும் இங்கேதான். ஆதலால் விபத்து நேர்ந்தவுடன் எக்ஸ்ரே படங்களையும், ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டிய காரணத்தை மருத்துவர் எழுதிய குறிப்பையும், டிஸ்சார்ஜ் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

கூடுதல் பிரீமியத்துக்கு வெளிநோயாளர் செலவையும் ஏற்கும் பாலிசிகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றை வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பல்லுக்கென ஆண்டுக்கு எவ்வளவு தருவார்கள் என்ற உச்சவரம்பையும், கூடுதலாகக் கட்டும் தொகையையும் அருகருகே எழுதினால், இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லாத பாலிசிகளும் உண்டு என்பது புலப்படும். அத்தகையதை வாங்குவதைவிட அத்தொகையைத் தனியே சேமித்து வைப்பது நன்று என்பது என் கருத்து. வேலை பார்க்கும் கம்பெனியே குழுவாகக் காப்பீடு செய்திருந்தால், அதன் முழு வாசகத்தையும் கேட்டு வாங்குங்கள். பல் சிகிச்சை அதில் இருக்கவும் கூடும்.

பிவண்டியிலும் சூரத்திலும் பெங்களூரிலும் ஆலைகளிலும் கடைகளிலும் உழைக்கும் நம்மவருக்கு மிக அருகில் இருப்பது தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது ஈ.எஸ்.ஐ. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய திட்டம் இது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்கள் இதில் சேர்கிறார்கள். 2019 ஜூலை முதல் தொழிலாளி செலுத்துவது சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் பங்கு. 16,000 ரூபாய் வாங்குபவருக்கு 120 ரூபாய். இங்கே கட்டிலில் படுக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மருந்தகத்துக்கு நடந்து சென்றாலே வைத்தியம் உண்டு. பல் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் செயற்கைப் பல், வேலையில் நேர்ந்த விபத்தால் பல் போனவருக்கே உரியது. மூப்பால் உதிர்ந்த பல்லுக்கு அது பொருந்தாது. மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர்கள், அவர்களுக்கு அந்த ஊரை அடுத்த மருந்தகத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாமலே இருக்கிறது.

2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் அட்டை உடையவர்கள், திட்டத்தில் சேர்ந்த எந்த மாநிலத்திலும், அதில் பதிவான ஆஸ்பத்திரியில் அதைக் காட்டலாம். அதிலும் தாடை முறிவு, கட்டி போன்றவற்றுக்கே இடமுண்டு. சொத்தை அடைப்பதற்கும் ரூட் கனாலுக்கும் இடமில்லை. மத்திய அரசு ஊழியர்களின் சி.ஜி.எச்.எஸ். திட்டம் இவ்வகையில் தாராளமானது. சாதாரணப் பல் சிகிச்சைகளுக்கும் அதில் கட்டண விகிதம் வகுத்திருக்கிறார்கள்.

எந்த அட்டையும் இல்லாதவருக்கு அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கல்கத்தாவில் 1920இல் டாக்டர் ரபியுதீன் அகமது நிறுவிய கல்லூரி இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. பம்பாயிலும் பெங்களூரிலும் டில்லியிலும் இத்தகையவை உள்ளன. வரிசையில் காத்திருக்க வேண்டும். கட்டணமோ தனியார் மருத்துவரிடம் ஆவதில் ஒரு சிறு பங்குதான்.

நியாயமான மனுவையே கம்பெனி மறுத்துவிட்டால், முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், ஓர் ஆண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. பாலிசியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், இப்போது நீங்கள் வசிக்கும் இடத்துக்கு உரிய அலுவலகத்திலேயே முறையிடலாம். அதற்காக ஊருக்கு ரயில் ஏற வேண்டாம்.

மாதுங்கா நண்பருக்கு இவ்வழி உதவாது என்று சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்பட்டார். மறுநாள் மாலை, தம் பாலிசியின் முப்பது பக்கங்களையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மீண்டும் வந்தார். நாங்கள் இப்போது பதினோராம் பக்கத்தில் இருக்கிறோம்.