பேஸ் கிதார்: பதிவுக்கு ஒயர், கைக்கு ஆம்ப்

பேஸ் கிதாரைப் பதிவு செய்ய ரெண்டு வழி. ஒன்று, ஆம்ப் முன்னால் மைக் வைப்பது. இன்னொன்று, டிஐ பெட்டி வழியாக நேராகப் பதிவுக் கருவிக்குக் கொடுப்பது. பத்மநாபபுரம், தக்கலை பக்கம் வீட்டு அறையில் வைத்தே கரோலும் ஆராதனைப் பாட்டும் பதிவு செய்கிறவர்களுக்கு ரெண்டாவது வழிதான் தோது. ஓட்டு மேல் விழும் மழையும் ரோட்டில் போகும் பஸ்ஸும் ஒயருக்குள் நுழையாது.

ஆனால் வாசிக்கிறவருக்கு ஹெட்ஃபோன் மட்டும் போதாது. நெஞ்சில் அந்த அதிர்வு படாவிட்டால் விரல் தேவைக்கு மேல் அழுத்தும். அதனால் ரெண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்: பதிவாவது ஒயர் வழியே, கேட்பது ஆம்ப் வழியே.

இது புதுசு இல்லை. 1960களில் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் ஸ்டுடியோவில் மைக் மெக்லீன் என்ற பொறியாளர் இப்படித்தான் ஏற்பாடு செய்தார். ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் நேராக மிக்ஸருக்குப் போனது. அறையில் இருந்த ஸ்பீக்கர் வழியே வாசித்தவர்கள் தங்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

இணைப்பு எளிது. கிதாரிலிருந்து டிஐ பெட்டிக்கு ஒரு ஒயர். பெட்டியில் 'த்ரூ' அல்லது 'லிங்க்' என்று எழுதிய துளையிலிருந்து ஆம்புக்கு ஒன்று. எக்ஸ்எல்ஆர் துளையிலிருந்து பதிவுக் கருவிக்கு ஒன்று. ஆம்பில் எந்தக் குமிழைத் திருப்பினாலும் பதிவு மாறாது. டிஐ பெட்டி இல்லாமல் ஆம்பின் பின்னால் உள்ள டிஐ துளையிலிருந்து எடுத்தால், அங்கே உள்ள ஸ்விட்சை 'ப்ரீ'யில் வையுங்கள்.

தாமதமும் இல்லை. கணினி வழியாகக் கேட்டால், 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் ஒன்றுக்கு 5.3 மில்லிசெகண்ட் ஆகும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று 10ஐத் தாண்டிவிடும். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் ஆம்பின் ஒலி 3 மில்லிசெகண்டில் காதுக்கு வந்துவிடும்.

இனிதான் முக்கியமான விஷயம். ஆம்பின் ஒலி பதிவாகவில்லை, ஆனால் ஆம்ப் உங்கள் கையை மாற்றுகிறது. கை செய்தது பதிவாகிறது.

ஒரு கணக்கு பாருங்க. அறையின் நீளம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீளத்தில் அறை தானாக முழங்கும் முதல் அதிர்வெண் சுமார் 47 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த கம்பியில் ரெண்டாவது ஃபிரெட், எஃப் ஷார்ப், 46 ஹெர்ட்ஸ். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் 'பும்'மென்று எழும். விரல் தன்னையறியாமல் அதை மெதுவாகத் தட்டும். ஒயருக்கு அறை தெரியாது. பதிவில் அந்த ஸ்வரம் மெலிந்து கிடக்கும். அறையின் நடுவில் உட்கார்ந்தால் நேர் எதிர்: அது காதுக்கு எட்டாது, கை ஓங்கித் தட்டும். பிறகு மிக்ஸிங்கில் ஒவ்வொரு ஸ்வரமாகச் சரிசெய்து உட்கார வேண்டியதுதான்.

அதனால் ஆம்பைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூலில், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். பேஸ் குமிழைக் குறைத்து மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். சத்தம் தெளிவாகக் கேட்கும் அளவு போதும். ஒரு சரணம் வாசித்ததும் நிறுத்தி, நேர்ப்பதிவை ஹெட்ஃபோனில் கேளுங்கள். எந்த ஸ்வரம் ஏறி இறங்குகிறதென்று கை தெரிந்துகொள்ளும்.

கடைசியாக ஒன்று. ஆம்பும் கணினியும் சேர்ந்ததும் 'ம்ம்' என்று ஒரு இரைச்சல் வரலாம். ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். போகாவிட்டால் டிஐ பெட்டியில் உள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' ஸ்விட்சைப் போடுங்கள். ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருக்காலும் பிடுங்காதீர்கள். கிதார் கம்பி ஆம்பின் உடலோடு இணைந்தது. உள்ளே மின்சாரம் கசிந்தால் அது போக வேண்டிய வழி எர்த். அதை அறுத்துவிட்டால், கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்கிறவர்தான் வழி. பழைய வீடுகளில் மூணு பின் சாக்கெட் இருந்தும் எர்த் ஒயர் இல்லாமல் இருக்கலாம். முதல் பதிவுக்கு முன்னால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைப் பார்த்துவிடுங்கள்.