பழைய கணிப்பொறியும் பெரிய வன்தட்டும்

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினால் ஏறத்தாழ மூன்று நாட்களில் அந்தமானின் தலைநகரை அடையலாம். போர்ட் பிளேயர் என்று நெடுங்காலம் வழங்கிய அந்நகருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. அங்கும் ஏனைய தீவுகளிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. 1964-ஆம் ஆண்டு இந்திய - இலங்கை உடன்படிக்கைக்குப் பின்னர் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் சிலர், நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கச்சாலில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். ஊரை விட்டு வந்தவர்க்கு ஊரின் நினைவே பெருஞ்செல்வம். திருமணப் படங்கள், குலதெய்வக் கோயில் திருவிழா, மறைந்த பெரியோரின் குரல் ஆகிய அனைத்தும் இன்று கணிப்பொறியின் வன்தட்டில் அடங்கிக் கிடக்கின்றன.

2020-ஆம் ஆண்டு வரை இத்தீவுகளின் தொலைத்தொடர்பு பெரும்பாலும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் திறக்கப்பட்ட கடலடி வடம், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுடையது. சென்னையைத் தலைநகரோடும் வேறு ஏழு இடங்களோடும் இணைப்பது. அதற்கு முன்னர்ப் பெரிய படக்கோப்பு ஒன்றை வலைவழியே பெறுவது எளிதாக இருக்கவில்லை. ஊரிலிருந்து வருவோர் பையில் வைத்துக் கொணர்ந்த தட்டுகளே பேருதவி புரிந்தன. வடம் வந்த பின்னரும் படங்களைச் சேர்த்து வைக்க வீட்டில் ஒரு பெட்டகம் வேண்டும் அன்றோ? ஆகவே பெரிய வன்தட்டு ஒன்றை வாங்குகிறோம். வீட்டிலுள்ள பழைய கணிப்பொறியில் அதனைப் பொருத்துகிறோம். கணிப்பொறியோ அதனை அறிந்துகொள்ள மறுக்கிறது! தட்டு பழுதென்று எண்ணிக் கடைக்குத் திருப்பி அனுப்பலாமென்றால், கடை கடலுக்கு அப்பால் இருக்கிறது. எனவே காரணத்தை நாமே ஆராய்ந்து தெளிதல் நலம்.

கப்பல் அலுவலகத்தில் பயணிகளின் படுக்கை எண்ணைக் குறிக்கும் பேரேடு ஒன்று உள்ளதெனக் கொள்வோம். எண்ணை எழுத அதில் மூன்றே கட்டங்கள். 999 வரை இடையூறில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட படுக்கைகள் உடைய புதிய கப்பல் ஒன்று வருகிறது. 1005-ஆம் படுக்கையை எழுத்தர் எவ்வாறு எழுதுவார்? ஒன்று, அப்படுக்கையே இல்லையென்று விட்டுவிட வேண்டும். அல்லது முதல் இலக்கத்தை விட்டு 005 என்று எழுத வேண்டும். அவ்வாறு எழுதினால், ஐந்தாம் படுக்கையில் முன்பே துயில்பவரின் இடத்துக்கு வேறொருவர் வந்து நிற்பார். கப்பலிலும் குறையில்லை, எழுத்தரிடமும் குறையில்லை. பேரேட்டின் கட்டங்களே போதவில்லை.

வன்தட்டின் நிலையும் இதுவே. தட்டின் பரப்பு, செக்டர் எனப்படும் சிறு சிறு அறைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. அறை ஒன்றில் 512 பைட் அடங்கும் என்பது நெடுநாள் வழக்கு. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. கணிப்பொறி அவ்வெண்ணைச் சுழியம், ஒன்று என்னும் இரண்டே குறிகளால் எழுதுகிறது. 2002-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பல பொறிகள் அதற்கு 28 கட்டங்களையே ஒதுக்கின. அதனால் ஏறத்தாழ 27 கோடி அறைகளை, அதாவது 137 ஜிகாபைட்டை மட்டுமே அவை எண்ண முடிந்தது. பின்னர்க் கட்டங்கள் 48 ஆயின. அந்தத் தடை நீங்கிற்று.

ஆனால் மற்றொரு தடை எஞ்சி நின்றது. தட்டின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் அட்டவணை, தட்டின் முதல் அறையில் இருக்கிறது. எம்.பி.ஆர். என்று வழங்கும் இம்முறை 1983-ஆம் ஆண்டில் வந்தது. இதில் எண்ணுக்கு 32 கட்டங்களே உண்டு. ஆகையால் இதன் எல்லை ஏறத்தாழ 2.2 டெராபைட். 3 டெராபைட் தட்டைப் பொருத்தினால், சில பழைய பொறிகள் 746 ஜிகாபைட் என்று மட்டும் காட்டுவதுண்டு. 1005-ஐ 005 என்று எழுதிய எழுத்தரின் கதைதான் இது! ஜி.பி.டி. என்னும் புதிய அட்டவணை முறையில் 64 கட்டங்கள் உள்ளமையால் இன்றைய தட்டுகள் எவற்றுக்கும் இடர்ப்பாடு இல்லை.

இனிச் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலில் மின்சாரத்தை நோக்க வேண்டும். கையடக்கமான வெளித்தட்டு, யு.எஸ்.பி. துளை வழியாகவே மின்சாரம் பெறுகிறது. பழைய துளைகள் 500 மில்லி ஆம்பியர் அளவே தரக் கடமைப்பட்டவை. அது போதாவிடில் தட்டு சுழலாமல் 'டிக் டிக்' என்று ஒலித்து நின்றுவிடும். நீண்ட இணைப்புக் கம்பியை நீக்கி, பொறியின் பின்புறத் துளையில் நேரே செருகிப் பார்க்கலாம். தனி மின்னிணைப்புடைய உறையில் பொருத்துவது இன்னும் நன்று. ஆனால் பழைய உறைகளுள் சில 2.2 டெராபைட்டுக்கு மேல் அறியமாட்டா. உறையின் கொள்ளளவைக் கேட்டறிந்து வாங்குக.

இரண்டாவது, இயக்க முறைமையை நோக்க வேண்டும். 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, அதன் வழக்கமான 32 பிட் வடிவத்தில், ஜி.பி.டி. முறையை அறியாது. 2007-இல் வெளிவந்த விஸ்டாவும் அதன் பின் வந்தவையும் அறியும், லினக்சும் அறியும். பொறியைத் தொடங்கி வைக்கும் பணியைப் பழைய சிறு தட்டிடமே விட்டு, புதிய தட்டைப் பெட்டகமாக மட்டும் கொண்டால் பெரும்பாலும் தொல்லை தீரும். எக்ஸ்பியை விட இயலாதவர்கள் 2 டெராபைட்டுக்கு மிகாத தட்டை வாங்குவதே அறிவுடைமை.

மூன்றாவது, புத்தம் புதிய வெறுந்தட்டாயின், டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியைத் திறந்து, ஜி.பி.டி. முறையைத் தேர்ந்து, பகுதி அமைத்து, ஃபார்மட் செய்ய வேண்டும். இது முடியும் வரை தட்டு கண்ணுக்குப் புலப்படாது. அதனைப் பழுதென்று கொள்ளலாகாது. 4 டெராபைட் தட்டு 3.63 என்று காட்டினாலும் ஐயுற வேண்டா. செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றனர். விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது. வேறுபாடு அவ்வளவே.

எல்லாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. சென்னையில் உள்ள தம்பி தன் புதிய பொறியில் படங்களை நிரப்பி அனுப்பிய தட்டை, தீவில் உள்ள அண்ணன் பழைய பொறியில் செருகுகிறார் என வைத்துக்கொள்வோம். அட்டவணையைப் படிக்கத் தெரியாத பொறி, சில வேளைகளில், "இது ஃபார்மட் செய்யப்படவில்லை, செய்யட்டுமா?" என்று வினவும். இவ்வினாவுக்கு 'ஆம்' என்று விடை தரலாகாது. தந்தால் தட்டிலிருந்த அட்டவணை அழிந்து, படங்கள் கைக்கெட்டாமற் போகும். தட்டு வெறுமையாக இருப்பதால் பொறி அவ்வாறு கேட்கவில்லை; தனக்குப் படிக்கத் தெரியாததால் கேட்கிறது. 'இல்லை' என்று விடுத்து, தட்டைக் கழற்றி, புதிய பொறி ஒன்றில் பார்க்க வேண்டும். அவ்வாறே, 137 ஜிகாபைட் எல்லையுடைய பொறியில் அதனினும் பெரிய தட்டில் எதையும் எழுதலாகாது. எண் திரும்பிச் சுழன்று, தட்டின் முற்பகுதியில் இருப்பதை அழித்துவிடக்கூடும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கச்சாலைக் கடுமையாகத் தாக்கியதை நாம் மறக்க முடியாது. வீட்டில் உள்ள ஒரே தட்டு, எத்துணைப் பெரிதாயினும், காவலாகாது. ஒரு படி தீவிலும், மற்றொரு படி கடலுக்கு அப்பால் உள்ள உறவினர் வீட்டிலும் இருத்தல் வேண்டும். தீவில் வாழ்வோர்க்கு மட்டுமன்றி, மும்பையிலும் தில்லியிலும் வாழ்வோர்க்கும் இது பொருந்தும். பழைய பொறியை இகழவும் வேண்டா. புதிய தட்டைப் பழிக்கவும் வேண்டா. எதுவரை எண்ணத் தெரியும் என்று பொறியை முதலில் கேட்டறிந்து, அதன் பின்னரே நம் செல்வத்தை அதனிடம் ஒப்படைப்போமாக.